சொலிசிட்டர் பில் எஸ்டிமேட்டைத் தாண்டி வந்தால்: இங்கிலாந்தில் எதை, எப்போது, எப்படி மறுப்பது

கேள்வியின் சுருக்கம் இது. லண்டனில் விவாகரத்துச் சொத்துப் பங்கீட்டு வழக்கு. தொடக்கக் கடிதத்தில் சொலிசிட்டர் (வழக்கை நடத்தும் வழக்கறிஞர்) நிறுவனம் சொன்ன எஸ்டிமேட் 6,000 முதல் 8,000 பவுண்டு வரை, வாட் (மதிப்புக் கூட்டு வரி) தனி. வழக்கு முடிந்ததும் வந்த பில் 15,732 பவுண்டு. அதில் 40 மணி நேர வேலைக்கு மணிக்கு 280 வீதம் 11,200, பாரிஸ்டருக்கு (நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர்) 1,500, "நகல், கூரியர், இதர செலவு" என்று 410, மொத்தத்தின் மேல் 20% வாட். பில் வந்து மூன்று வாரம் ஆகிறது. முன்பணமாகக் கொடுத்த 3,000 பவுண்டு இன்னும் நிறுவனத்திடம் இருக்கிறது. கட்டிவிடுவதா, மறுப்பதா?

முழுத் தொகையைக் கட்டாதீர்கள். ஆனால் பதில் எழுதாமலும் இருக்காதீர்கள். பில்லை மறுப்பவர்களில் பலர் தோற்பதற்குக் காரணம் அவர்கள் பக்கம் நியாயம் இல்லாதது அல்ல. நாள் கடந்துவிடுகிறது, அல்லது "ரொம்ப அதிகம்" என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டையும் தவிர்க்கலாம்.

முதலில் நாள் கணக்கு. இங்கிலாந்து, வேல்ஸில் இதை ஆள்வது 1974ஆம் ஆண்டின் சொலிசிட்டர்ஸ் சட்டம், 70ஆம் பிரிவு. (ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துக்கு வேறு சட்டம்.) பில் உங்களிடம் சேர்ந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் விண்ணப்பித்தால், பில்லை மதிப்பீடு செய்ய (எவ்வளவு நியாயம் என்று பரிசீலித்துத் தொகையை முடிவு செய்ய) நீதிமன்றம் உத்தரவிட்டே ஆக வேண்டும். பணம் எதையும் முன்கூட்டிக் கட்டச் சொல்ல முடியாது. ஒரு மாதம் கடந்து பன்னிரண்டு மாதத்துக்குள் என்றால் உத்தரவிடலாம், ஆனால் நிபந்தனை போடலாம். "இவ்வளவு தொகையை இப்போதே கட்டிவிட்டு வா" என்பதுதான் வழக்கமான நிபந்தனை. பன்னிரண்டு மாதம் தாண்டினாலோ, பில்லை முழுக்கக் கட்டிவிட்டாலோ, "சிறப்புச் சூழ்நிலை" இருப்பதாக நீங்கள் நிரூபிக்க வேண்டும். கட்டி ஓராண்டு ஆகிவிட்டால் இந்தப் பிரிவின்படி நீதிமன்றத்துக்கு அதிகாரமே கிடையாது.

ஆகவே உங்களிடம் சுமார் ஒன்பது நாள் இருக்கிறது. அதற்குள் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு மாதம் கடந்தாலும் வாசல் மூடாது, கொஞ்சம் குறுகும், அவ்வளவுதான். ஆனால் ஒன்றை நன்றாக நினைவில் வையுங்கள்: நிறுவனத்திடம் புகார் கொடுத்திருப்பதோ, லீகல் ஓம்புட்ஸ்மனிடம் (வழக்கறிஞர் சேவை பற்றிய புகார்களை விசாரிக்கும் அமைப்பு) போயிருப்பதோ இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. "புகார் விசாரணையில் இருக்கிறது" என்று ஓராண்டைக் கழித்துவிட்டு வருபவர்களுக்கு உதவுவது மிகக் கடினம்.

இதே இடத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. வழக்கு நடக்கும்போது மாதாமாதம் பில் வந்திருக்கலாம். அவற்றில் எது அந்தந்தக் காலத்துக்கான இறுதி பில், எது வெறும் முன்பணக் கோரிக்கை என்பதைத் தொடக்கக் கடிதத்தின் வாசகம் தீர்மானிக்கும். இறுதி பில் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நாள் ஓடும். கடைசி பில் வரும்போது முதல் பில்லுக்கான பன்னிரண்டு மாதம் முடிந்திருக்கலாம். எனவே எல்லா பில்களையும் தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் அது உங்களிடம் சேர்ந்த நாளை எழுதுங்கள்.

இழப்பீட்டுத் தொகையிலிருந்து நிறுவனமே தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்ட வழக்குகளில், "நீங்கள் கட்டியாயிற்று, காலம் முடிந்தது" என்று சொல்வது வழக்கமாக இருந்தது. 2024 அக்டோபரில் ஓக்வுட் – மென்சிஸ் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இதைத் திருத்தியது. பில் வந்த பிறகு, தொகை எவ்வளவு என்று தெரிந்து கட்சிக்காரர் சம்மதித்தால்தான் அது சட்டப்படி "கட்டியது" ஆகும். முன்பே கையெழுத்திட்ட பொதுவான ஒப்புதல் போதாது. விபத்து வழக்கில் பிடித்தம் போன பலருக்கு இது பயன்படும். ஆனாலும் பில் சேர்ந்து பன்னிரண்டு மாதம் தாண்டியிருந்தால் அவர்களும் சிறப்புச் சூழ்நிலையைக் காட்டத்தான் வேண்டும்.

உங்கள் 3,000 பவுண்டு கிளையன்ட் அக்கவுன்டில் (கட்சிக்காரர் பணத்துக்கான தனிக் கணக்கு) இருக்கும். பில்லையோ, கட்டணம் குறித்த எழுத்து மூலமான அறிவிப்பையோ உங்களுக்குக் கொடுத்த பின்புதான், அதில் குறிப்பிட்ட அதே தொகைக்குத்தான், நிறுவனம் அந்தப் பணத்தை எடுக்கலாம் என்கிறது எஸ்ஆர்ஏவின் (சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) கணக்கு விதி 4.3. பில் வந்துவிட்டதால் எடுக்க வழி திறந்துவிட்டது. அதனால் மறுப்பு இருப்பதை இன்றே மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். எந்தப் பகுதியில் உங்களுக்குத் தகராறு இல்லையோ அதை மட்டும் கட்ட முன்வாருங்கள். "இது பகுதித் தொகை மட்டுமே, மீதியை மறுக்கும் உரிமையை வைத்துக்கொள்கிறேன்" என்ற வரியைச் சேருங்கள்.

அடுத்து விவரம் கேட்பது. இங்கே ஒரு சொல்லைத் தவறாகப் பயன்படுத்தினால் பில் ஏறிவிடும். நீதிமன்ற வழக்குக்கான பில் ஒரே மொத்தத் தொகையாக வந்திருந்தால், 64ஆம் பிரிவின்படி மூன்று மாதத்துக்குள் (அதற்குள் நிறுவனம் வழக்குப் போடாமல் இருந்தால்) விவரமான பில் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் அப்படிக் கேட்ட கணமே பழைய பில் செல்லாததாகிவிடும். புதிதாக வருவது கூடுதலாகவும் இருக்கலாம். ஆகவே "64ஆம் பிரிவு" என்ற பேச்சை எடுக்காமல், "ஏற்கனவே அனுப்பிய பில்லின் நேரப் பதிவு விவரத்தையும் செலவு ரசீதுகளையும் அனுப்புங்கள்" என்று மட்டும் கேளுங்கள். நேரப் பதிவேடு நிறுவனத்தின் சொந்த ஆவணம். கேட்டதும் தந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் தர மறுத்தால் அந்த மறுப்பே ஓம்புட்ஸ்மன் முன் உங்களுக்குச் சாதகம்.

கேட்க வேண்டியவை: தேதி, வேலை செய்தவர் பெயர், அவருடைய தரம், மணிக்கட்டணம், எத்தனை யூனிட், என்ன வேலை என்று ஒவ்வொரு பதிவும், பாரிஸ்டரின் கட்டணச் சீட்டு, 410 பவுண்டுக்கான ரசீதுகள், எஸ்டிமேட்டை உயர்த்தி அனுப்பியதாக அவர்கள் சொல்லும் கடிதம் ஏதேனும் இருந்தால் அதன் நகல்.

விவரம் வந்ததும் ஒரு மாலையாவது உட்கார்ந்து உங்கள் தொலைபேசிப் பதிவோடும் மின்னஞ்சல் பெட்டியோடும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பில்லில் ஒரு யூனிட் என்பது ஆறு நிமிடம். மணிக்கு 280 என்றால் யூனிட்டுக்கு 28 பவுண்டு. "நன்றி, கிடைத்தது" என்று ஒரு வரி எழுதினாலும் 28 பவுண்டு, வாட் தனி. தவறு பெரும்பாலும் திருட்டு எண்ணத்தால் வருவதில்லை. வேலை செய்த அன்றே எழுதாமல் வாரக் கடைசியில் நினைவிலிருந்து நேரத்தை நிரப்புவதால், ஒரே தொலைபேசி அழைப்பை இருவர் தனித்தனியாகப் பதிவதால், ஆள் மாறும்போது கோப்பைப் புதியவர் முதலிலிருந்து படிப்பதால் வருகிறது. காரணம் எதுவானாலும் பணம் உங்களுடையது.

கண்டிப்பாகப் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். உள்ளே வந்த மின்னஞ்சலைப் படித்ததற்குத் தனி யூனிட் போட்டிருக்கிறார்களா? தோற்றவர் வென்றவருக்குக் கட்டும் செலவு பற்றிய நீதிமன்ற நடைமுறை வழிகாட்டி 47, பத்தி 5.22 இப்படிச் சொல்கிறது: வழக்கமான வெளிச்செல்லும் கடிதத்துக்கான ஆறு நிமிடத்திலேயே உள்ளே வந்ததைப் படிக்கும் நேரமும் அடங்கும். தபால், கூரியர், தொலைபேசிச் செலவு, நகல் எடுக்கும் செலவு ஆகியவை பொதுவாகத் தனியே கிடைக்காது. நீதிமன்றத்திலிருந்து பத்து மைலுக்குள்ளான பயணச் செலவும் அப்படியே. இந்தப் பத்தி உங்களுக்கும் உங்கள் சொலிசிட்டருக்கும் இடையே நேரடியாகக் கட்டாயப்படுத்தாது. தொடக்கக் கடிதத்தில் "நகலுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு" என்று எழுதி நீங்கள் கையெழுத்திட்டிருந்தால் அதுவே நிற்கும். எழுதவில்லை என்றால் இந்தப் பத்தி வலுவான ஆயுதம்.

அடுத்து ஆள் தரம். எட்டு ஆண்டுக்கு மேல் அனுபவமுள்ள சொலிசிட்டர் ஏ, நான்கு ஆண்டுக்கு மேல் பி, மற்ற சொலிசிட்டர்கள் சி, பயிற்சியாளரும் பாராலீகலும் (சொலிசிட்டர் தகுதி இல்லாத சட்ட உதவியாளர்) டி. பாராலீகல் செய்த வேலை சொலிசிட்டர் கட்டணத்தில் பதிவாகியிருப்பது அடிக்கடி நடக்கும் பிழை. கையெழுத்து யாருடையது, மின்னஞ்சல் யாரிடமிருந்து வந்தது என்று பார்த்தாலே பிடிபடும். ஜனவரியில் மணிக்கட்டணம் உயர்ந்திருக்கிறதா, உயரும் என்று உங்களுக்கு எழுத்தில் சொன்னார்களா என்பதையும் பாருங்கள். பில் தயாரிக்க எடுத்த நேரம், கோப்பு திறக்க எடுத்த நேரம், உங்கள் புகாருக்குப் பதில் எழுதிய நேரம் ஆகியவை அலுவலகத்தின் சொந்த வேலை. அவற்றை உங்கள் தலையில் கட்டக் கூடாது.

செலவுப் பகுதியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்தப் பணம் உண்மையில் யாருக்குப் போனது? வெளியாருக்குக் கட்டிய அசல் தொகைதான் டிஸ்பர்ஸ்மென்ட். வங்கி 20 பவுண்டு வாங்கிய பணப் பரிமாற்றத்துக்கு 45 பவுண்டு போட்டிருந்தால், மீதி 25 நிறுவனத்தின் கட்டணம். அதைச் செலவு என்ற பெயரில் மறைக்கக் கூடாது. உங்கள் சார்பில் கட்டிய நீதிமன்றக் கட்டணத்துக்கு வாட் கிடையாது. 1,000 பவுண்டு நீதிமன்றக் கட்டணத்தின் மேல் 200 வாட் ஏறியிருந்தால் அது நேரடிப் பிழை. நிறுவனத்தின் ஆட்கள் பயணம் செய்த செலவுக்கு வாட் உண்டு, அதை மறுத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். இன்னும் கட்டாத செலவை பில்லில் சேர்க்கலாம், ஆனால் "இன்னும் கட்டவில்லை" என்று அதில் சொல்லியிருக்க வேண்டும். மதிப்பீடு முடிவதற்குள் கட்டாவிட்டால் அந்தத் தொகை அனுமதிக்கப்படாது. இது 67ஆம் பிரிவு. பாரிஸ்டரின் 1,500க்குக் கட்டணச் சீட்டைக் கேளுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

தமிழ்க் குடும்பங்களின் பில்லில் தனியாகக் கவனிக்க வேண்டியது மொழிபெயர்ப்பு. வெளியிலிருந்து மொழிபெயர்ப்பாளர் வந்தால் அவருடைய ரசீது இருக்க வேண்டும், அதிலுள்ள நேரம் சந்திப்பு நேரத்தோடு பொருந்த வேண்டும். நிறுவனத்திலேயே தமிழ் தெரிந்த ஊழியர் உட்கார்ந்து மொழிபெயர்த்தார் என்றால், அந்த நேரம் சொலிசிட்டர் கட்டணத்தில் இரண்டாவது ஆளாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படிப் பதிவாகும் என்று முன்கூட்டி யாரும் சொல்லவில்லை என்றால் அது மறுக்கத்தக்கது.

இனி எஸ்டிமேட். எஸ்டிமேட் என்பது உச்சவரம்பு அல்ல. மீறினாலே பில் செல்லாது என்று நினைக்காதீர்கள். ஆனால் அது அளவுகோல். செலவு எவ்வளவு ஆகும் என்ற சிறந்த தகவலைத் தொடக்கத்திலும், வழக்கு நகர நகரத் தேவைப்படும்போதும் தர வேண்டும் என்று எஸ்ஆர்ஏ நடத்தை விதி 8.7 சொலிசிட்டரைக் கட்டுப்படுத்துகிறது. 2007இல் மாஸ்டர்சிகார்ஸ் – விதர்ஸ் வழக்கில் உயர் நீதிமன்றம் எடுத்துக்கொண்ட முக்கியக் கேள்வி, கட்சிக்காரர் எஸ்டிமேட்டை எந்த அளவுக்கு நம்பி நடந்தார் என்பது. ஆகவே "நம்பினேன்" என்று சொன்னால் போதாது. "8,000ஐத் தாண்டும் என்று மார்ச்சில் சொல்லியிருந்தால், அப்போது எதிர்த்தரப்பு முன்வைத்த சமரசத்தை ஏற்றிருப்பேன்" என்பது போல, எந்த நாளில், எந்த முடிவை மாற்றியிருப்பீர்கள் என்று காட்ட வேண்டும். அந்த மாதத்து மின்னஞ்சல் ஒன்று பத்துப் பக்க வாதத்தை விட மதிப்பு வாய்ந்தது.

நிறுவனம் தன் பக்கம் காட்டும் விதி சிவில் நடைமுறை விதி 46.9. நீங்கள் வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ ஒப்புக்கொண்ட வேலையும் தொகையும் நியாயமானவை என்று அது அனுமானிக்கும். அதே விதியில் உங்களுக்கான பகுதியும் இருக்கிறது: வழக்கத்துக்கு மாறான செலவாக இருந்து, அதை எதிர்த்தரப்பிடமிருந்து வசூலிக்க முடியாமல் போகலாம் என்று சொலிசிட்டர் எச்சரிக்கவில்லை என்றால், அது நியாயமற்றது என்று அனுமானிக்கப்படும்.

மறுப்பு எப்படி எழுதப்பட வேண்டும் என்பதை 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏன்ஸ்வர்த் வழக்கில் தெளிவாக்கியது. ஆவணங்களைப் பார்த்த நேரம் மொத்தத்தில் அதிகம் என்று பொதுவாக எழுதிய மறுப்பு தள்ளுபடியானது. எந்த எண், ஏன் தவறு, எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். நீதிமன்றத்துக்குப் போகாவிட்டாலும் இதே வடிவத்தில் எழுதுங்கள். நிறுவனம் மதிக்கும் மறுப்பு அதுதான்.

உங்கள் பில்லில் இப்படி ஒரு கணக்கு வரலாம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வந்த 47 மின்னஞ்சல்கள், 1,316 பவுண்டு. இரண்டு மணி நேரச் சந்திப்பில் இரண்டாவது வழக்கறிஞர், 560. ஆள் மாறியதால் கோப்பை மறுபடி படித்த ஐந்து மணி நேரம், 1,400. பாராலீகல் செய்த எட்டு மணி நேரத்துக்கு 140க்குப் பதில் 280, வித்தியாசம் 1,120. நகலும் கூரியரும் 410. கூட்டினால் 4,806, வாட்டோடு 5,767. பார்க்க நன்றாக இருக்கிறது.

இங்கேதான் ஐந்தில் ஒரு பங்கு விதியைக் கணக்கிட வேண்டும். மதிப்பீட்டில் பில் 20% அல்லது அதற்கு மேல் குறைந்தால் அந்த நடவடிக்கையின் செலவை நிறுவனம் ஏற்கும். அதற்குக் கீழே குறைந்தால் நீங்கள் ஏற்க வேண்டும். சிறப்புச் சூழ்நிலை இருந்தால் மட்டும் நீதிமன்றம் இதை மாற்றும். 15,732இல் ஐந்தில் ஒன்று 3,146. மேலே சொன்ன மறுப்புகளில் சரிபாதி வென்றால் கிடைப்பது 2,884, அதாவது 18 சதவீதத்துக்குச் சற்று மேல். பில் குறைந்தும் நீங்கள்தான் செலவு கட்டுவீர்கள். நிறுவனம் மதிப்பீட்டுக்காக அமர்த்தும் ஆளின் கட்டணம் அந்த 2,884ஐ எளிதில் விழுங்கிவிடும். மாறாக, எஸ்டிமேட் வாதம் வென்று கட்டணம் 8,000இல் நிறுத்தப்பட்டால், 3,200உம் அதன் வாட் 640உம் சேர்ந்து 3,840 குறையும். அது ஒன்றே கோட்டைத் தாண்டும். நீதிமன்றம் எஸ்டிமேட்டுக்கு மேல் 15% வரை விட்டுக்கொடுத்தால் குறைப்பு 2,400 மட்டுமே, தாண்டாது. எனவே உங்கள் வழக்கில் முதல் உழைப்பு எஸ்டிமேட் பற்றிய சான்றைத் திரட்டுவதில் இருக்க வேண்டும், மின்னஞ்சல் எண்ணிக்கை அதற்குத் துணை.

இந்த அளவு பில்லுக்கு என் பரிந்துரை ஓம்புட்ஸ்மன் வழி. முதலில் நிறுவனத்தின் புகார் நடைமுறைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அவர்களுக்கு எட்டு வாரம். பதில் திருப்தி தராவிட்டாலோ, எட்டு வாரத்தில் வராவிட்டாலோ லீகல் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள்ளும், பிரச்சினை நடந்த அல்லது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள்ளும் போக வேண்டும். உங்களுக்குச் செலவு இல்லை, தோற்றாலும் எதிர்த்தரப்புச் செலவு உங்கள் மேல் விழாது. கட்டணத்தைக் குறைக்கவும், 50,000 பவுண்டு வரை ஈடு தரவும் அவர்களால் உத்தரவிட முடியும். எஸ்டிமேட்டைப் புதுப்பிக்காதது அவர்களுக்கு நன்கு பழகிய புகார். குறை என்னவென்றால் வரிக்கு வரி பில்லை அலசுவது அவர்கள் பாணி அல்ல. சேவை நியாயமாக இருந்ததா என்றுதான் பார்ப்பார்கள். தனிநபர்கள், பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் மிகச் சிறு நிறுவனங்கள் போன்றோருக்குத்தான் இந்த வழி. பெரிய கம்பெனிகளுக்கு இல்லை.

நீதிமன்ற வழிதான் என்று முடிவானால், N208 படிவத்தில், சிவில் நடைமுறை விதிகளின் பகுதி 8 வழக்காகத் தொடங்க வேண்டும். லண்டனில் இதைப் பார்ப்பது சீனியர் கோர்ட்ஸ் காஸ்ட்ஸ் ஆபீஸ் (வழக்குச் செலவுகளை மதிப்பிடும் நீதிமன்ற அலுவலகம்). உத்தரவு வந்ததும் 28 நாளில் நிறுவனம் செலவு விவரத்தைத் தர வேண்டும். அது கிடைத்த 14 நாளில் உங்கள் மறுப்புப் பட்டியல் போக வேண்டும், அவர்கள் பதிலுக்கு இன்னும் 14 நாள். விசாரணைத் தேதி கேட்கும் விண்ணப்பம் உத்தரவிலிருந்து மூன்று மாதத்துக்குள். 14 நாள் மிகக் குறைவு, அதனால் பட்டியலை இப்போதே தயாரித்து வைப்பது நல்லது. இதற்கென்றே காஸ்ட்ஸ் லாயர் என்ற தனித் தொழில்முறையினர் இருக்கிறார்கள். ஒரு மணி நேர ஆலோசனைக்குப் பணம் கொடுத்து, 20% தாண்டுமா என்று மட்டும் அவரிடம் கேட்டுக்கொள்வது வீண் செலவல்ல.

நிறுவனம் உங்கள் மேல் வழக்குப் போடும் என்ற பயம் இருக்கும். பில் முறைப்படி கையெழுத்தாகி உங்களிடம் சேர்ந்து ஒரு மாதம் ஆகாமல் பொதுவாக வழக்குப் போட முடியாது (69ஆம் பிரிவு). போட்டால், வழக்கு விவரம் உங்களிடம் சேர்ந்த 14 நாளுக்குள் பதில் கொடுங்கள். கிடைத்ததாக ஒப்புகைப் படிவம் அனுப்பினால் எதிர்வாதத்துக்கு 28 நாள் கிடைக்கும். 70ஆம் பிரிவின் காலம் கடந்திருந்தாலும், தொகை நியாயமற்றது என்று அந்த வழக்கில் வாதாடலாம். கண்டுகொள்ளாமல் விட்டு ஒருதலைத் தீர்ப்பு வந்துவிட்டால்தான் எல்லாம் சிக்கலாகும்.

ஊர் வழக்கத்தை நம்பி ஏமாறக் கூடாத இடம் ஒன்று உண்டு. கட்டணப் பாக்கிக்காக வழக்கறிஞர் கோப்பைப் பிடித்து வைக்க முடியாது என்று 2000இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் அப்படியில்லை. பாக்கி தீரும் வரை சொலிசிட்டர் உங்கள் கோப்பை வைத்துக்கொள்ளலாம். உங்கள் தீர்வு உத்தரவின் முத்திரையிட்ட நகல், வீட்டுப் பத்திரம் தொடர்பான தாள்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும் என்றால், மறுப்புக் கடிதம் அனுப்பும் முன்பே அவற்றின் நகல்களைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கடிதம் ஆங்கிலத்தில் இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். பில் எண், சேர்ந்த தேதி, எஸ்டிமேட்டின் தேதியும் தொகையும், மறுக்கும் வரிகளும் ஒவ்வொன்றுக்கும் நீங்கள் ஏற்கும் தொகையும், இப்போது கட்ட முன்வரும் தொகை, பதிலுக்கு 14 நாள், "இதை முறையான புகாராகக் கருதவும்" என்ற வாக்கியம். கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் எட்டு வாரக் கணக்கு எப்போது தொடங்கியது என்பதில் பின்னால் தகராறு வரும்.

பேரம் பேச அவர்கள் தொலைபேசியில் அழைத்தால் பேசுங்கள். ஆனால் ஒப்புக்கொண்ட தொகை "முழு மற்றும் இறுதித் தீர்வு" என்று எழுத்தில் வந்த பிறகு, திருத்திய பில்லும் கையில் கிடைத்த பிறகுதான் பணத்தை அனுப்புங்கள்.